செனாயை ஏட்டில் எழுதி வை

கூலாய், ஜொகூர்
தீபாவளி முடிந்த வாரம்

பாப்பா,

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஏழு பக்கத்தையும் படித்துவிட்டேன். இரண்டு தடவை. முதல் தடவை கண்ணாடி போடாமல், இரண்டாம் தடவை உன் பெரியம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்பாய். பக்கத்திலிருந்து உன் அப்பன் "என்னா சொல்றாரு" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நடுவில் விஷயம் கரைந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பசியாறிவிட்டுப் படி.

முதலில் பதில்: கையெழுத்துப் போடாதே.

பார்வைக்கு அது வேலைக் கடிதம் போலத்தான் இருக்கிறது. மேலே சின்னம், கீழே வட்ட முத்திரை, நடுவில் வாழ்த்துகள். நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது பார். ஏர்பஸ் 320 ஓட்டத் தகுதி தருகிற டைப் ரேட்டிங்குக்கு ஒரு தொகை, அதன்பிறகு 500 மணி நேரம் வழித்தடத்தில் பறப்பதற்கு இன்னொரு தொகை. இரண்டும் டாலரில். இரண்டையும் கட்ட வேண்டியவள் நீ. சம்பளம் என்ற சொல்லை ஏழு பக்கத்திலும் தேடினேன். ஆறாம் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது: 500 மணி நேரம் முடிந்தபின், காலியிடம் இருந்தால், பேசலாமாம்.

நம் பாட்டனார்களைக் கப்பலேற்றிய கங்காணியைப் பற்றி எவ்வளவோ வசவு கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கங்காணிகூட முன்பணம் கொடுத்துத்தான் ஆள் கூட்டி வந்தான். அப்புறம் கூலியில் பிடித்தான், அது வேறு கதை. வேலைக்கு வருகிறவனிடமே முன்பணம் கேட்கிற ஏற்பாட்டை இந்தக் காலத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இது மோசடி என்று நான் சொல்லவில்லை. மோசடிக் கடிதங்களும் உலவுகின்றன. பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு, விசாவுக்கு இவ்வளவு, மருத்துவப் பரிசோதனைக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். உனக்கு வந்தது அந்த ரகமில்லை என்றே வைத்துக்கொள்வோம். உண்மையாகவே விமானத்தில் ஏற்றி, துணை விமானியின் வலது பக்க இருக்கையில் உட்கார வைப்பார்கள். 500 மணி நேரம் முடிந்த மறுநாள் அந்த இருக்கையில் யாரை உட்கார வைப்பார்கள்? உனக்குச் சம்பளம் கொடுத்து உன்னையா, இல்லை காசு கட்டத் தயாராக நிற்கிற அடுத்த பிள்ளையையா? அந்த இருக்கையையே வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு நீ விமானி இல்லை, வாடிக்கையாளர்.

உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. வணிக விமானி லைசன்ஸ் (சிபிஎல்) வாங்கி 14 மாதம் ஆகிறது. எழுதிப் போட்ட இடங்களிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் "இன்னும் பறக்கலையா" என்று கேட்கிறார்கள். கூலாயில் பாதிப் பேர் விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் போய் வெள்ளிகளாகச் சம்பாதிக்கிறார்கள். "படிச்ச பிள்ளை சும்மா இருக்கு" என்று ஊர் பேசத்தான் செய்யும். பேசட்டும். 

பாலம் தாண்டிப் போகிறவனுக்கு இருக்கிற ஒரு வசதி உனக்கு இல்லை. அதை முதலில் விளங்கிக்கொள். வெல்டிங் தெரிந்தவன் துவாஸில் வெல்டிங் வைக்கலாம், துபாயிலும் வைக்கலாம், இரும்பு ஒன்றுதான். விமானிக்கு அப்படி இல்லை. உன் கையிலிருக்கும் லைசன்ஸ் உன் திறமைக்கான சான்று மட்டுமில்லை, ஒரு நாட்டின் சொத்தும்கூட. செனாய் விமான நிலையத்தில் நிற்கிற விமானங்களின் பின்பக்கம் எழுதியிருப்பதை நீ பார்த்திருப்பாய். 9எம் என்று தொடங்கினால் மலேசியாவில் பதிவானது. 9வி என்றால் சிங்கப்பூர். விடி இந்தியா, 4ஆர் இலங்கை, ஏ6 ஐக்கிய அரபு சிற்றரசுகள், ஏ7 கத்தார், விஎன் வியட்நாம். 1944 டிசம்பரில் சிகாகோவில் 52 நாடுகள் உட்கார்ந்து கையெழுத்திட்ட உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு: வெளிநாட்டுக்குப் பறக்கிற விமானத்தை ஓட்டுகிறவன் கையில், அந்த விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு கொடுத்த, அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசன்ஸ் இருக்க வேண்டும். உன் லைசன்ஸ் 9எம்முக்கு. வேறு எழுத்து போட்ட விமானத்தில் நீ உட்கார வேண்டுமானால் அந்த நாட்டின் ஆணையம் தலையசைக்க வேண்டும்.

தலையசைப்பில் இரண்டு வகை. ஒன்று, உன் மலேசிய லைசன்ஸை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் தற்காலிக அனுமதிச் சீட்டு ஒன்று கொடுப்பது. இன்னொன்று, தங்கள் நாட்டுத் தேர்வுகளை எழுத வைத்துத் தங்கள் லைசன்ஸையே கொடுப்பது. ஐரோப்பாவில் என்றால் கேப்டனுக்கான ஏடிபிஎல் லைசன்ஸுக்கு 13 தாள். தற்காலிகச் சீட்டு சுலபம்தான். ஆனால் அதை ஒரு நாடு ஏன் கொடுக்கிறது என்று யோசித்துப் பார். அவர்களிடம் ஆள் போதவில்லை என்பதால். எந்த ஆள் போதாது? புதிதாகச் சிபிஎல் வாங்கிய பிள்ளைகள் எல்லா நாட்டிலும் வரிசையில் நிற்கிறார்கள். போதாமல் இருப்பவன் அந்த ரக விமானத்தில் பல ஆயிரம் மணி நேரம் பறந்த கேப்டன். நீ பார்க்கிற வெளிநாட்டு விளம்பரமெல்லாம் அவனுக்காகப் போட்டது.

உன் அப்பன் அடிக்கடி சொல்கிறான்: "தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும், இந்தியாவில இப்ப எவ்ளோ விமானம் வாங்குறானுங்க, அங்க போலாமே." போகலாம்தான். இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளைத் தற்காலிக அனுமதியில் எடுத்திருக்கிறார்கள், நம் ஆட்களும் போயிருக்கிறார்கள். போனவர்கள் எல்லாரும் அனுபவக்காரர்கள். 200 மணி நேரத்தோடு டில்லியில் போய் இறங்கினால், அங்கே அதே 200 மணி நேரத்தோடு வருஷக்கணக்காகக் காத்திருக்கிற மதுரைப் பிள்ளைக்கும் நாகர்கோவில் பிள்ளைக்கும் பின்னால்தான் நீ நிற்க வேண்டும். கிங்ஃபிஷர் 2012ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. இரண்டு தடவையும் அந்த நாட்டுக்காரர்களே தெருவுக்கு வந்தார்கள். அங்கே வானம் பெரியதுதான், வரிசையும் பெரியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை உன் அப்பனிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

செனாய் விமான நிலையம் 1974ல் திறந்தபோது எனக்குப் பத்து வயது. ஓடுபாதைக்கு வெளியே பால்மரக்காடு. காட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி. உன் தாத்தா பால் கொட்டாயில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவுடன் அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய்விடுவேன். சைக்கிளில் எப்போதும் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை அடிக்கும். இன்றைக்கும் ஜெட் எரிபொருள் வாடை வந்தால் கூடவே அந்தப் புளித்த வாடையும் எனக்கு மூக்கில் ஏறும். இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிட்டன. அந்த வேலியிலிருந்து காக்பிட் வரைக்கும் வந்த கதையை விட்டுவிடுகிறேன், உனக்கு மனப்பாடம்.

1997ல் பணம் சரிந்தது. ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்தது, அடுத்த வருஷம் செப்டம்பரில் 3.80 என்று அரசாங்கம் கட்டிப்போடும்படி ஆனது. டாலரில் சம்பளம் என்றால் கணக்குப் பார்க்காமலே புரியும். 1998 கடைசியில் வளைகுடாவில் ஒரு நிறுவனத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். வீடு கொடுத்தார்கள், பள்ளிக்கூடக் கட்டணம் கொடுத்தார்கள், உன் பெரியம்மா அங்கேயே பொங்கல் வைத்தாள். மூன்று வருஷம் ராஜா வாழ்க்கை. அங்கே அவர்கள் லைசன்ஸ் கொடுத்துவிட்டார்கள். நம் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஊருக்கு வந்து சோதனை கொடுக்க வேண்டும், லீவு போட வேண்டும், காசு கட்ட வேண்டும். "எதுக்குங்க, அதான் இங்க இருக்கோமே" என்றாள் உன் பெரியம்மா. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அதைக் கேட்கத்தான் பிடித்தது. விட்டுவிட்டேன்.

2001 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானங்கள் மோதின. உலகம் முழுக்கப் பயணிகள் குறைந்தார்கள். அக்டோபர் நடுவில் எனக்கு ஒரு கடிதம். 30 நாள் அறிவிப்பு. ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவின்படி எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள்; அந்தப் பிரிவை நான்தான் படிக்கவில்லை. அங்கே வேலை போனால் விசாவும் போகும், உனக்கு மட்டுமில்லை, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் சேர்த்து. வாங்கிய காரை வாங்கினதில் பாதிக்கு விற்றேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நடு ஆண்டில் இழுத்துக்கொண்டு கூலாய்க்கு வந்து இறங்கினேன்.

வந்த பிறகுதான் உண்மையான அடி. என் மலேசிய லைசன்ஸ் செத்துக் கிடந்தது. அதை எழுப்ப மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி சிமுலேட்டர், மறுபடி சோதனை. காசும் நாளும் போய்க்கொண்டே இருந்தன. அந்த நேரத்தில் இங்கே என்ன நடந்தது தெரியுமா? உலகமே விமானிகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த 2001 கடைசியில்தான் டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட் கொடுத்து ஏர் ஏசியாவை வாங்கினார். 40 மில்லியன் ரிங்கிட் கடனும் இரண்டு போயிங் 737ம் கூட வந்தன. எனக்குத் தெரிந்த விமானத்துக்கு, என் சொந்த நாட்டில், புதிதாக ஒரு கதவு திறந்துகொண்டிருந்தது; நான் காலாவதியான லைசன்ஸோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். 11 மாதம். உன் பெரியம்மாவின் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்கடைக்குப் போய் வந்தது.

பயணத் திட்டம் எப்படிப் போடுவது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போய்ச் சேருகிற ஊருக்கு எரிபொருள், வழியில் ஆகும் எதிர்பாராத செலவுக்கு 5 சதவீதம், போகிற ஊர் மூடிக்கிடந்தால் மாற்று நிலையத்துக்கு ஓடுவதற்கு வேண்டியது, எல்லாவற்றுக்கும் கீழே தொடக்கூடாத 30 நிமிஷம். இத்தனையும் இருந்தால்தான் கேப்டன் கையெழுத்துப் போடுவான். மாற்று நிலையம் எழுதாத ஏட்டில் நான் ஆயுளில் கையெழுத்துப் போட்டதில்லை. என் வாழ்க்கைக்கு மட்டும் போட்டேன் பார், வளைகுடாவுக்கு ஒரு வழிப் பயணம், எரிபொருள் சரியாக அதுவரைக்கும்.

இரண்டாவது தடவை வெளிநாட்டுக்குப் போனபோது புத்தி வந்திருந்தது. வருஷா வருஷம் லீவில் வந்து மலேசிய லைசன்ஸை உயிரோடு வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு விடிகாலை சிங்கப்பூர் சாங்கிக்கு வந்துகொண்டிருந்தேன். சுமத்ரா காற்று உனக்குத் தெரியும். விடியுமுன் மலாக்கா நீரிணையைத் தாண்டி ஒரு கறுப்புச் சுவர் மாதிரி வரும். சாங்கி மேல் சுற்றினோம், சுற்றினோம், எரிபொருள் கணக்குக் கோட்டைத் தொட்டது. ஏட்டில் எழுதியிருந்த மாற்று நிலையம் செனாய். திருப்பினேன். 3,800 மீட்டர் ஓடுபாதை, மழை அப்போதுதான் விட்டிருந்தது, இறங்கினோம். பின்னால் 160 பயணிகள். யாரும் இறங்கக் கூடாது. எரிபொருள் ஊற்றி, காற்று கடந்ததும் சாங்கிக்குப் போக வேண்டியதுதான். காக்பிட் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேலி தெரிந்தது. பால்மரக்காடு போய்ச் செம்பனை வந்திருந்தது, வேலி அதே இடத்தில்தான். வேறு நாட்டு எழுத்து போட்ட விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு உன் பாட்டிக்குப் போன் போட்டேன்.

"எங்கப்பா இருக்க?"

"செனாயில இருக்கேம்மா."

"அப்ப பசியாற வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்."

வர முடியாது என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் எரிபொருள் லோரி வந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் சாங்கி. மாலையில் பாட்டி உன் அப்பனிடம் சொன்னாளாம், "அவன் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போயிட்டான்" என்று.

ஆகவே உன் விஷயம். இப்போதைக்கு உன் முழுச் சொத்து இரண்டு: லைசன்ஸ், லாக் புத்தகம். லைசன்ஸில் ஒட்டியிருக்கிற கருவி ரேட்டிங் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியது. முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் அப்படித்தான். வேலையில்லாதபோது எதற்கு இந்தச் செலவு என்று உன்னோடு படித்தவர்கள் பலர் விட்டிருப்பார்கள். அந்த ஏழு பக்கக்காரனுக்குக் கொடுக்க உன் அப்பன் புரட்டப் பார்க்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. திடீரென்று ஒரு நிறுவனம் இருபது பேரைக் கூப்பிடும். அன்றைக்கு எல்லாம் செல்லுபடியாகிற நிலையில் இருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத் தகுதியையும் பார்: நான்காம் நிலை என்றால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் நிலை ஆறு வருஷம், ஆறாம் நிலை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும். நீ நாலோடு நிற்காதே. உன் ஆங்கிலத்துக்கு ஆறு வாங்க முடியும், வானொலியில் நீ பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

லாக் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நீ. அதில் ஒரு நிமிஷம்கூடப் பொய்யாக ஏற்றாதே. "பார்க்கர் பேனா நேரம்" என்று எங்கள் காலத்தில் கிண்டல் செய்வோம். பறக்காமல் பேனாவாலேயே ஏற்றின மணிகள். கிண்டல்தான், ஆனால் 2020ல் என்ன நடந்தது பார். கராச்சியில் மே மாதம் ஒரு விமானம் விழுந்தது. அதை ஒட்டி, தங்கள் விமானிகள் 860 பேரில் 262 பேருடைய லைசன்ஸ் சந்தேகத்துக்குரியது என்று பாகிஸ்தான் அமைச்சரே நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். சொன்ன சூட்டோடு சூடாக உலகமெங்கும் பாகிஸ்தான் லைசன்ஸ் வைத்திருந்தவர்களைத் தரையில் இறக்கினார்கள். வியட்நாமில் 27 பேர். நம் மலேசிய ஆணையமும் நிறுத்தி வைத்தது. பின்னால் சரிபார்த்தபோது பலருடைய லைசன்ஸ் சுத்தமானதாகத்தான் இருந்தது. ஆனால் சுத்தம் என்று நிரூபிக்கிற வரைக்கும் அவர்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றினது என்ன? ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, முத்திரை, கூட்டினால் சரியாக வருகிற கணக்கு.

வெளிநாட்டு ஆணையம் உன் மணிகளை உன் வாயால் கேட்காது. நீ பறந்த இடத்துக்கு எழுதிக் கேட்கும். ஒரு நிறுவனத்தை விட்டு வரும்போது மனஸ்தாபம் இருக்கலாம், அது வேறு. கடைசி நாளுக்கு முன்பே மணிகளுக்குச் சான்று வாங்கிவிடு. வந்த பிறகு கேட்டால் அந்த அதிகாரி லீவில் இருப்பார். அடுத்த வாரமும் லீவில் இருப்பார். என்னுடைய முதல் லாக் புத்தகம் பச்சைத் துணி அட்டை போட்டது. 61ஆம் பக்கத்தில் ஒரு கூட்டல் பிழை, பென்சிலால் அடித்து எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பென்சில் கோட்டுக்காக வளைகுடா அதிகாரி ஒருவர் என்னை இரண்டு நாள் அலைய விட்டார். நீ பேனாவில் எழுது. தப்பினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து.

மணிகள் எங்கே கிடைக்கும் என்கிறாயா? பயிற்சியாளர் ரேட்டிங் எடு. மலாக்காவிலோ லங்காவியிலோ கோத்தா பாருவிலோ பள்ளிகள் இருக்கின்றன. சம்பளம் குறைவு, வெயில் அதிகம், மாணவன் உன்னைக் கொல்லப் பார்ப்பான். ஆனால் அந்த ஒவ்வொரு மணியும் பொறுப்பு விமானியாக ஏறும். சரவாக் பக்கம் பாரியோ, பாகெலாலான் மாதிரி மலையூர்களுக்கு ட்வின் ஆட்டர் போகிறது. அதுமாதிரி இடத்தில் வலது பக்கம் கிடைத்தால் நடந்தே போய்ச் சேர். சிறிய ஓடுபாதையில், மேகம் எங்கே இறங்கும் என்று பார்த்துப் பழகினவளுக்குப் பின்னால் பெரிய விமானம் மிரட்டாது. எனக்குத் தெரிந்த நல்ல கேப்டன்கள் பாதிப் பேர் அந்தக் காட்டிலிருந்து வந்தவர்கள்.

குறைந்த மணிகளோடு வெளிநாட்டில் உண்மையாகவே சம்பளத்துக்கு எடுத்துக்கொண்ட இடங்களும் உண்டு, மறைக்கவில்லை. பக்கத்திலேயே இந்தோனேசியாவில் சூசி ஏர். அந்த அம்மாள், சூசி புஜியாஸ்துத்தி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு மீன் வியாபாரம் செய்தவர். மீனைக் கெடாமல் கொண்டுபோக வாங்கின செஸ்னா காரவன்கள் 2004 சுனாமியில் ஆச்சேக்கு நிவாரணம் சுமந்தன. அதிலிருந்து ஒரு விமான நிறுவனமே எழுந்தது. பின்னால் நாட்டின் மீன்வளத்துறை அமைச்சரும் ஆனார். வேறு எங்கும் இடம் கிடைக்காத எத்தனையோ வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே போய்ப் பப்புவா மலைகளில் பறந்து மணி சேர்த்திருக்கிறார்கள். அதே பப்புவாவில்தான் 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் நியூசிலாந்து விமானி ஒருவரை ஆயுதக் குழு பிடித்துக்கொண்டுபோனது. விடும்போது 2024 செப்டம்பர். ஒன்றரை வருஷத்துக்கு மேல் காட்டில். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஓர் இடத்துக்குப் போவதானால் போகிற பள்ளத்தாக்கின் அரசியலும் உன் வேலையில் சேர்ந்தது, அதைச் சம்பளத்தோடு சேர்த்து எடை போட வேண்டும். உன் அம்மாவிடம் இந்தப் பத்தியைக் காட்டாதே.

இன்னும் நாலைந்து வருஷத்தில், ஏடிபிஎல்லுக்கு வேண்டிய 1,500 மணியும் கடந்து, ஒரு நல்ல விமானத்தின் ரேட்டிங்கும் கையிலிருக்கும்போது, வெளிநாட்டு ஒப்பந்தம் தானாக வரும். அப்போது சம்பளப் பக்கத்தைக் கடைசியாகப் பார். முதலில் முடிவுப் பக்கம். எத்தனை நாள் அறிவிப்பு, இரண்டு பக்கத்துக்கும் ஒன்றா, அவர்கள் நிறுத்தினாலும் நீ பத்திரப் பணம் கட்ட வேண்டுமா, ஊர் திரும்ப டிக்கெட் யார் செலவு. உன் முதலாளி விமான நிறுவனமா, இல்லை ஏதோ ஒரு தீவில் பதிவான ஆள்பிடிக்கும் கம்பெனியா? அந்தத் தீவுக் கம்பெனி என்றால், கொரோனா வந்த 2020 மாதிரி ஒரு வருஷம் வரும்போது நீ யாரிடம் போய் நிற்பாய்? அந்த வருஷத் தொடக்கத்தில் சீனாவில் கை நிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு விமானிகளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். அக்டோபரில் கேத்தே டிராகன் ஒரே நாளில் மூடியது. தூங்கி எழுந்தவர்களுக்கு நிறுவனமே இல்லை.

நீ பெண்பிள்ளை என்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டும், கூச்சப்படாமல்: கர்ப்பமானால் என்ன? சில ஒப்பந்தங்களில் தாய்மை விடுப்பு என்ற சொல்லே இருக்காது. தரையிறக்கப்பட்ட நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று பொதுவாக ஒரு வரி இருக்கும், அதற்குள் நீயும் அடங்கிவிடுவாய். நான் கேட்டிருக்கவே மாட்டேன். என் மகள் ஒப்பந்தம் படித்தபோது அவள்தான் எனக்குக் காட்டினாள். அதேமாதிரி மருத்துவத் தகுதி போனால் ஈடு கொடுக்கிற லைசன்ஸ் இழப்புக் காப்பீடு. ஒரு காது, ஒரு கண், ஒரு இசிஜி கோடு, அவ்வளவுதான் நம் பிழைப்பு. அப்புறம் வெளிநாட்டில் உனக்கு இபிஎஃப் பிடிக்க ஆள் கிடையாது. மாதா மாதம் நீயாகவே ஊழியர் சேமநிதியில் போட்டு வை. சம்பளம் பெரிதாக இருக்கும்போது இது சில்லறையாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது.

அந்த ஏழு பக்கக்காரனுக்கு இரண்டு வரி பதில் போடு. சண்டை வேண்டாம், நன்றி சொல்லி, இப்போதைக்கு வசதிப்படாது என்று எழுது. மறுபடி மறுபடி போன் பண்ணி, இந்த வாரத்தோடு இடம் முடிகிறது என்பான். உண்மையான வேலைக்கு அவ்வளவு அவசரம் இருந்து நான் பார்த்ததில்லை. உண்மையான வேலையில் அவர்கள் உன்னைத்தான் காக்க வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வா. லாக் புத்தகத்தையும் மருத்துவச் சான்றையும் கொண்டு வா, எது எப்போது முடிகிறது என்று காலண்டரில் வட்டம் போடுவோம். பயிற்சியாளர் ரேட்டிங்குக்கு ஆகிற செலவில் பாதி என்னுடையது; இதை உன் அப்பனிடம் நீ சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன், அவன் கோபித்துக்கொள்வான். பெரியம்மா தோசைக்கு ஊறப்போடுகிறாள். எட்டரைக்குள் வந்துவிடு, காலை விமானம் நம் வீட்டுக்கு மேலேதான் திரும்பும், காற்று எந்தப் பக்கம் என்று நீயே சொல்லு பார்க்கலாம்.

உன்,
பெரியப்பா